வேலை மாறி மருத்துவ விற்பனைக்கு: எந்த வழி யாருக்கு?

நர்ஸிங், லேப், ஆசிரியர் பணி, வங்கி என்று ஏதோ ஒரு வேலையில் சில வருடம் இருந்துவிட்டு மருத்துவ விற்பனைக்கு வர நினைப்பவர்கள் பெரும்பாலும் சம்பளத்தைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, பழைய வேலையில் கற்றது எங்கே கைகொடுக்கும் என்பதை. தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் நான்கு வழிகளை அப்படிப் பார்ப்போம்.

மருந்து கம்பெனி ரெப்

விற்பனை அனுபவம் இல்லாதவர்கள் நுழைய எளிதான வழி. அறிவியல் பட்டதாரிகளுக்கும் பி.பார்ம் படித்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. டாக்டர் முன்னால் கிடைப்பது ஓரிரு நிமிடம். அதற்குள் மருந்தைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் எந்த பிராண்ட் ஓடுகிறது என்று விசாரித்து, கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஸ்டாக்கிஸ்ட்டைப் பார்த்து, இரவில் அன்றைய வேலை அறிக்கையான டிசிஆர் அனுப்ப வேண்டும். மாதாமாதம் டார்கெட், அடிக்கடி வெளியூர்ப் பயணம். பாடத்தைச் சுருக்கிச் சொல்லிப் பழகிய இளம் ஆசிரியர்களுக்கு இது பொருந்தும். புதியவர்களுக்குப் பல கம்பெனிகள் வயது வரம்பு வைப்பதால், முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் மற்ற மூன்றையும் முதலில் பார்ப்பது நல்லது.

மருத்துவக் கருவிகள்

இங்கே ஒரு ஆர்டர் முடியவே மாதங்கள் ஆகும். டாக்டருக்குப் பிடித்தால் மட்டும் போதாது. பயோமெடிக்கல் இன்ஜினியர், பர்ச்சேஸ் மேனேஜர், மருத்துவமனை உரிமையாளர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். டெமோ, கொட்டேஷன், பேரம், இன்ஸ்டலேஷன், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) என்று வேலை நீளும். அரசு மருத்துவமனை என்றால் டெண்டர் வழி. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் முறையைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இம்ப்ளான்ட் விற்பவர்கள் தியேட்டருக்குள்ளும் நிற்க வேண்டிவரும். அதனால் தியேட்டர் நர்ஸ், ஓ.டி. டெக்னீஷியன், பயோமெடிக்கல் படித்தவர்கள் ஆகியோரின் பழைய அனுபவத்துக்கு இங்கேதான் முழு மதிப்பு. இன்சென்டிவ் தாமதமாக வரும் என்பதால், ஆறு மாதச் செலவுக்காவது கையிருப்பு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

லேப் கருவி, ரீஏஜென்ட்

பல இடங்களில் கம்பெனியே அனலைசரை லேபில் வைத்துவிடும். வருமானம், பரிசோதனைக்காக லேப் மாதாமாதம் வாங்கும் ரசாயனமான ரீஏஜென்ட்டிலிருந்து வரும். ஆகவே கருவியை வைத்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். கன்ட்ரோல் சரியாக வரவில்லை, காலிபரேஷன் தவறுகிறது என்று போன் வரும்போது பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் லேப் நம்பும். டி.எம்.எல்.டி., பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படித்தவர்களுக்கு நான்கிலும் பொருத்தமானது இதுவே.

மருத்துவக் காப்பீடு

பயிற்சி பெற்று, தேர்வில் தேறினால் ஏஜென்ட் ஆகலாம். நிலையான சம்பளம் கிடையாது, கமிஷன்தான். ஆனால் பாலிசி புதுப்பிக்கப்படும்போதும் கமிஷன் வரும். வங்கியில் இருந்தவர்கள், ஊரில் நல்ல பெயர் எடுத்தவர்கள், நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள விரும்பும் பெண்கள் ஆகியோருக்கு ஏற்றது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 ஆண்டு. இதைப் பாலிசி விற்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள். மறைத்தால், க்ளெய்ம் நேரத்தில் ஒரு குடும்பம் தவிக்கும்.

சேர்வதற்கு முன்

கம்பெனியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? இந்த ஏரியாவில் எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? மாதக் கடைசியில் டார்கெட் குறைந்தால் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைக் கட்டச் சொல்வீர்களா? முடிந்தால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எழுத்தில் வராமல் பழைய வேலையை விடாதீர்கள்.

டாக்டர்களுக்குப் பரிசு கொடுப்பதையும் பயணச் செலவை ஏற்பதையும் 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை தடுக்கிறது. இலவச சாம்பிளுக்கும் அளவு வைத்திருக்கிறது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று இன்டர்வியூவில் சொல்லும் கம்பெனி நாளைக்கு உங்களைத்தான் முன்னால் தள்ளும். இந்தத் தொழிலில் வாங்க முடிவெடுப்பவர் பெரும்பாலும் டாக்டரோ மருத்துவமனையோதான். பணம் கட்டுவது நோயாளி. அவருக்குத் தேவையில்லாததை விற்கச் சொல்லும் வேலை எவ்வளவு சம்பளம் தந்தாலும் வேண்டாம். தெரிந்ததை நேர்மையாகச் சொல்லி விற்க இடம் தரும் வேலை, தொடக்கச் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும், எடுத்துக்கொள்ளத் தகுந்தது.