விஎஸ்டி 2 போய் விஎஸ்டி 3: பழைய பாட்டு திறக்குமா?

கம்ப்யூட்டரில் இசை அமைப்பவர்களுக்கு பிளக்இன் புதிதல்ல. எதிரொலி வேண்டுமா? வயலின் ஒலி வேண்டுமா? கியூபேஸ் போன்ற இசை மென்பொருளில் அதற்கான பிளக்இன்னைச் சேர்த்தால் போதும். மென்பொருளும் பிளக்இன்னும் பேசிக்கொள்ள உதவும் பொது விதிமுறைதான் விஎஸ்டி. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் இதை வெளியிட்டது.

விஎஸ்டி 2 1999-லும், விஎஸ்டி 3 2008-லும் வந்தன. ஆனாலும் புரோகிராமர்கள் பலர் பழையதை விடவில்லை. 2018-ல் புதியவர்களுக்கு விஎஸ்டி 2 உரிமம் நிறுத்தப்பட்டது. தன் மென்பொருள்களிலும் அதன் ஆதரவை நிறுத்தப் போவதாக 2022 ஜனவரியில் ஸ்டைன்பெர்க் அறிவித்தது.

புரோகிராமர்களுக்கு என்ன சிரமம்?

விஎஸ்டி 2-ல் மிடி தகவல்கள் அப்படியே பிளக்இன்னுக்கு வந்துவிடும். விஎஸ்டி 3-ல் மாடுலேஷன் வீல் போன்றவற்றின் அசைவுகளை பாராமீட்டர்களாக மாற்றித்தான் பெற வேண்டும். ஒலியைக் கணக்கிடும் பகுதியையும் திரைப் பகுதியையும் பிரித்து எழுதுவது நல்லது. அதாவது பழைய புரோகிராமில் கணிசமான பகுதியைத் திருத்த வேண்டும். இதற்குப் பலன் உண்டு. ஒலி வராதபோது பிளக்இன் சும்மா இருக்கலாம். சிபியு சுமை குறையும்.

ஜூஸ் என்ற கருவியால் ஒரே சோர்ஸ் கோடிலிருந்து விஎஸ்டி 3, ஆப்பிளின் ஆடியோ யூனிட் இரண்டையும் உருவாக்கலாம். 2022-ல் பிட்விக், யு-ஹி நிறுவனங்கள் கிளாப் என்ற திறந்த விதிமுறையை வெளியிட்டன. 2025-ல் விஎஸ்டி 3-ம் எம்ஐடி என்ற தாராளமான உரிமத்துக்கு மாறியது.

நீங்கள் செய்ய வேண்டியது

பாட்டு ஃபைலில் பிளக்இன்னின் ஒலி இருக்காது. அதன் அடையாள எண்ணும் அமைப்புகளும்தான் இருக்கும். புதிய பதிப்பை பழைய எண்ணோடு புரோகிராமர் இணைக்காவிட்டால், பிளக்இன்னைக் காணவில்லை என்ற செய்திதான் வரும். எனவே:

1. விஎஸ்டி 2 பதிப்பை உடனே நீக்காதீர்கள். புதியதையும் சேர்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸில் பழையது டிஎல்எல் ஃபைல்; புதியது காமன் ஃபைல்ஸ் போல்டருக்குள் விஎஸ்டி3 என்ற போல்டரில் இருக்கும்.

2. பழைய பாட்டைத் திறந்து, பிளக்இன் உள்ள ஒவ்வொரு டிராக்கையும் வேவ் ஃபைலாகச் சேமியுங்கள்.

3. பிளக்இன்னின் பெயர், பிரிசெட், முக்கிய அமைப்புகளைக் குறித்து வையுங்கள்.

4. பாட்டின் நகலில் மட்டும் புதிய பதிப்பைப் போட்டுக் கேளுங்கள். ஒலி ஒத்துப்போன பிறகே பழையதை நீக்குங்கள்.

பிளக்இன் நாளை கிடைக்காமல் போகலாம். வேவ் ஃபைல் இருந்தால் பாட்டு உங்களிடமே இருக்கும்.