முட்டை உரிக்கும்போது வரும் பேச்சு

அங்கன்வாடி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் (எங்கள் ஊரில் இன்னும் பால்வாடிதான்) நான் முதலில் சொல்வது, பிள்ளைகளைக் கேள்வி கேட்பதைக் குறையுங்கள் என்பதுதான். "இது என்ன கலரு? அது என்ன பழம்?" என்று அடுக்கினால் தெரிந்த பிள்ளை ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளும். தெரியாத பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு நிற்கும். அது பரீட்சை. பேச்சு வேறு.

கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வருகிறது. மதியச் சாப்பாட்டில் முட்டை போடும் நாட்களில், ஆயா வேகவைத்து இறக்கியதும் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு உரிப்பேன். என் கண்ணும் முட்டையில், அவர்கள் கண்ணும் முட்டையில். "இன்னைக்கு ஓடு வரவே மாட்டேங்குதே" என்று என் பாட்டுக்குச் சொல்வேன். "எங்க வீட்டு முட்டை சின்னது டீச்சர்" என்று ஒரு குரல் கிளம்பும். பிறகு கோழியைக் கீரி தூக்கியது, அப்பா தடியோடு ஓடி வேலியில் லுங்கி கிழிந்தது, அம்மா சிரித்தது, அதற்கு அப்பா கோபித்தது எல்லாம் வரிசையாக வந்துவிடும். வீட்டு ரகசியம் வெளியே போகும் வழி இது என்று தாய்மார்களுக்கும் தெரியும்!

பாதியில் பிள்ளை சொல்லைத் தேடி நிற்கும்போது நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினம். மூன்று வயதை ஒட்டி "நா நா நான்" என்று திக்கும் பிள்ளைகள் உண்டு. பலருக்குத் தானே சரியாகிவிடும். "மெதுவாப் பேசு" என்று அதட்டாமல், நாம் நிதானமாகப் பேசினால் போதும். மாதக்கணக்கில் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ தாயிடம் சொல்லி, மையத்துக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (தேசிய சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் காட்டிவிடுவேன்.

காலையில் அழும் பிள்ளையிடம் "அம்மா இப்ப வந்துடுவாங்க" என்று சொல்வதில்லை. மணிக்கணக்கு அவர்களுக்குப் புரியாது. "சோறு சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சதும் அம்மா" என்றால் புரியும். கண்ணில் படாமல் நழுவப் பார்க்கும் தாயையும் கூப்பிட்டு, "சொல்லிட்டுப் போம்மா" என்பேன்.

இன்னொன்று, "சாப்பிடலைன்னா ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டல். பூச்சாண்டியாவது வரமாட்டான், நர்ஸம்மா தடுப்பூசி போட இதே மையத்துக்குத்தானே வருகிறார்? "வலிக்கவே வலிக்காது" என்று அழைத்துப் போவதும் வேண்டாம். "வலிக்கும், சீக்கிரம் போயிடும், நான் பிடிச்சுக்கறேன்" என்றாலும் அழத்தான் செய்வான். ஆனால் மறுநாள் நான் கூப்பிட்டால் வருவான். பொய் சொல்லியிருந்தால் நர்ஸம்மாவோடு சேர்த்து என்னைக் கண்டாலும் ஓட்டம்தான்.