தடுப்பூசி: தொட்டில் முதல் முதுமை வரை ஓர் அமானிதம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டால் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு வரிசையில் நிற்கிறோம். யாரும் மறுப்பதில்லை. அதே நாம், பேரப்பிள்ளைக்கு ஊசி போடும் நாள் வந்தால், "காய்ச்சல் வருமே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். இது சரியான தவக்குல்தானா?

தவக்குலும் முயற்சியும்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) விளக்கினார்கள். நோயும் அவன் விதி. தடுப்பு முறையும் அவன் விதி.

ஹஜ் தரும் பாடம்

1987 ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவியது. 2000-ஆம் ஆண்டு அதன் வேறொரு வகை பரவியது. ஊர் திரும்பிய ஹாஜிகள் சிலர் நலமாகவே இருந்தார்கள். ஆனால் அவர்களிடமிருந்து வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்றியது. அதன் பிறகே நான்கு வகைக் கிருமிகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமானது. ஊசி நமக்கு மட்டுமல்ல, நம் பக்கத்தில் இருப்பவருக்கும் பாதுகாப்பு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு பருவத்திலும்

பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி ஊசி. 6, 10, 14 வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா. 16 முதல் 24 மாதத்திற்குள் அதன் இரண்டாம் தவணை. முதல் தவணையோடு நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. 5 வயதிலும், பிறகு 10, 16 வயதிலும் ஊசி உண்டு.

கர்ப்பிணிப் பெண்கள் போட்டுக்கொள்ளும் ரணஜன்னி ஊசி, பிறக்கப்போகும் பிள்ளையையும் காக்கிறது. நாய் கடித்தால் எந்த வயதானாலும் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட வேண்டும். முதியவர்களும் சர்க்கரை, இதயநோய் உள்ளவர்களும் ஃபுளூ, நிமோனியா ஊசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வயதான அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பணிவிடை செய்வதில் இதுவும் அடங்கும்.

சந்தேகங்கள்

"ஊசியில் ஹராமான பொருள் இருக்கிறதாமே?" என்று கேட்கிறார்கள். ஒரு பொருள் தன் தன்மையே மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற இஸ்திஹாலா அடிப்படையிலும், உயிர்காக்கும் தேவையின் அடிப்படையிலும் உலமாக்கள் பலர் அனுமதி தந்துள்ளனர். "பிள்ளை பிறக்காமல் போகும்" என்ற வதந்தி போலியோ மருந்தைப் பற்றியும் உத்தரப்பிரதேசத்தில் பரவியது. அங்கே இமாம்கள் பள்ளிவாசல்களில் அறிவிப்புச் செய்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் எந்தப் பிள்ளையும் முடமாகவில்லை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் கைவலியும் வரலாம். அதற்குப் பயந்து பிள்ளையை ஆபத்தில் விடலாமா? வாட்ஸ்அப்பில் வந்ததை ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்புவதற்கும் நாளை நாம் பதில் சொல்ல வேண்டும்.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டது இருந்தால், வரும் புதன்கிழமை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், அங்கே இலவசம்தான். ஓர் உயிரை வாழ வைப்பவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்பது குர்ஆன் நமக்குத் தரும் பாடம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் நோய்களிலிருந்து காப்பாயாக! நீ தந்த உடலை அமானிதமாகப் பேணும் நல்லறிவைத் தருவாயாக! ஆமீன்.