சந்தையில் ஒரு கேள்வி

பொந்தியான் அன்னாசிக்கும் வான்தான் மீக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கு இரவுச் சந்தைக்கு வரும் முஸ்லிம் பயணி அன்னாசியைத் தயக்கமின்றி வாங்கலாம். வான்தான் மீ அப்படியன்று. அதைக் கோழி இறைச்சியிலும் சமைப்பர். பன்றி இறைச்சியிலும் சமைப்பர். பார்வையில் வேறுபாடு தெரியாது.

மலேசியாவில் ஹலால் சான்றிதழை வழங்கும் அதிகாரம் ஜாக்கிமுக்கும் மாநில இஸ்லாமியச் சமய மன்றங்களுக்கும் மட்டுமே உண்டு. 2012ஆம் ஆண்டு முதல் இது சட்ட விதி. ஆயினும், சான்றிதழ் பெறுவது கட்டாயமன்று. சிறு கடைகள் பலவற்றில் முத்திரை இருப்பதில்லை.

அங்கே பயணிக்குத் துணை ஒரு கேள்விதான்: “ஐயா, இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?”

“இது உங்களுக்கு ஆகாது” என்று உண்மையைச் சொல்லும் வணிகர் ஒரு தட்டு விற்பனையை இழக்கலாம். ஆனால், பல இனத்தவரும் கூடும் சந்தை அந்த நேர்மையால்தான் நிலைக்கிறது.