கதை நிற்கட்டும், பாட்டு வரட்டும்

அன்பின் மருமகளுக்கு,



சஞ்சிகை வாசிக்கும்போது காதில் பாட்டு ஓடுவது பிழையா என்று கேட்டிருந்தாய். அம்மா ஏசுவதாகவும் எழுதியிருந்தாய். அம்மா சொல்வதில் பாதி சரி. பாட்டு வாசிப்புக்கு எதிரி இல்லை. ஆனால் சொல் உள்ள பாட்டும் சொல்லால் ஆன கதையும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டில் ஒன்றுதான் உன்னிடம் வந்து சேரும். இரண்டையும் முழுதாக அனுபவிக்க ஒரு வழி இருக்கிறது. அதை நமது வானொலியே ஒரு காலத்தில் செய்து காட்டியிருக்கிறது.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ‘இசையும் கதையும்’ என்றொரு நிகழ்ச்சி போனது. நேயர்கள் எழுதி அனுப்பும் கதையை அறிவிப்பாளர் வாசிப்பார். ஒரு கட்டத்தில் குரல் நிற்கும். அந்த இடத்துக்குப் பொருத்தமான சினிமாப் பாட்டு வரும். பாட்டு முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுதப் பழகிய எத்தனையோ இளம் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் மேடை. இலக்கியக்காரர் சிலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, நான் எடுக்கிறேன். காதல் தோல்விக் கதைகள் மலிந்திருந்தன என்பது உண்மை. பாட்டுக்கு இடம் பண்ணுவதற்காகக் கதையை வளைத்ததும் உண்டு. என்றாலும் ஒரு விடயத்தில் அந்த நிகழ்ச்சி சரியாக இருந்தது: பாட்டு வரும்போது கதை ஒதுங்கி நின்றது, கதை வரும்போது பாட்டு ஓய்ந்திருந்தது.

இதற்குக் காரணம் நம் மனதின் அமைப்பிலேயே இருக்கிறது. வாய் திறக்காமல் வாசிக்கும்போதும் மனதுக்குள் ஒரு குரல் சொற்களை உச்சரித்துக்கொண்டே போகிறது. ஒலியைச் சில விநாடிகள் பிடித்து வைத்திருக்கும் ஒரு சிறிய இடம் நம் நினைவில் உண்டு என்று அலன் படலி, கிரஹம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் 1974-இல் விளக்கினார்கள். படலியும் சலாமே என்பவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், எண்களை வரிசையாக நினைவில் வைக்க முயன்றவர்களைக் குரலிசை குழப்பிய அளவுக்கு வாத்திய இசை குழப்பவில்லை. கதையின் சொல்லும் பாட்டின் சொல்லும் அதே சிறிய இடத்துக்குத்தான் போட்டியிடுகின்றன.

நம் கடற்கரைகளில் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டை நினைத்துப் பார். ஒருவர் முன்னடி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து கொடுப்பார்கள். அந்தத் தாளத்துக்கு வலை ஏறும். அங்கே பாட்டு வேலையைக் கெடுப்பதில்லை, இலகுவாக்குகிறது. ஏனென்றால் கைகள் செய்யும் வேலையில் சொல் இல்லை. வாசிப்பு சொல்லோடு செய்யும் வேலை. “உடுப்புத் தோய்க்கும்போது பாட்டுக் கேட்கலாம், வாசிக்கும்போது மட்டும் ஏன் கூடாது?” என்று நீ கேட்டதற்கும் இதுதான் பதில்.

இனி சஞ்சிகைக்கு வருகிறேன். நாவல் ஒரே ஓட்டம். நடுவில் நிறுத்தினால் நூல் அறுந்துபோகும். சஞ்சிகை அப்படி இல்லை. ஒரு சிறுகதை, அடுத்து இரண்டு கவிதை, ஒரு விமர்சனம், ஒரு நேர்காணல். ஒன்று முடிந்த உடனே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். செத்துப்போன ஒரு கிழவனைப் பற்றி இப்போதுதான் வாசித்தோம். அடுத்த நிமிடமே யாரோ ஒருவருடைய நூல் வெளியீட்டுச் செய்தியில் நிற்கிறோம். கதை மனதில் படிய நேரமே கொடுப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் பாட்டு வேண்டும். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அளவுதான் கொள்ளும். சினிமாப் பாட்டின் நீளமும் அதைச் சுற்றியே அமைந்தது. ஒரு கதையை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு அந்த அளவு மிகப் பொருத்தமானது.

எந்தப் பாட்டு? இங்கே ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியை நீ அப்படியே பின்பற்றக் கூடாது. அழுகைக் கதைக்கு அழுகைப் பாட்டுப் போட்டால், கதை சொல்லாமல் விட்டதைப் பாட்டு சொல்லி முடித்துவிடும். நல்ல சிறுகதை சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது. ஆகவே கதையின் பொருளைத் திருப்பிச் சொல்லாத இசையாக எடு. சொல்லே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில், இளையராஜா 1986-இல் தந்த ‘ஹௌ டு நேம் இட்’, பிறகு ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு செய்த ‘நத்திங் பட் விண்ட்’. இவற்றில் ஒன்றை எடுத்து, பக்கத்தை மூடிவைத்துவிட்டுக் கேள். விமர்சனக் கட்டுரையோ நேர்காணலோ முடிந்த பிறகு உனக்குப் பிடித்த எந்தப் பாட்டும் போடலாம். நம் திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஷ், கோணேஷ் பாடிய பொப் பாட்டுகளையும் தேடிக் கேள். ஊர்ப் பிள்ளைகள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு தமிழில் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கவிதைக்கு மட்டும் வேறு சட்டம். கவிதை வாசிக்கும் நேரம் எந்த இசையும் வேண்டாம், முன்னும் வேண்டாம் பின்னும் வேண்டாம். அதற்கென்று ஒரு ஓசை இருக்கிறது. வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தால்தான் அது பிடிபடும். 1939-இல் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராம், பிரமிள் என்று தமிழ் உலகம் அறிந்தவர், இருபதுகளின் தொடக்கத்திலேயே சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ சஞ்சிகையில் கவிதையும் விமர்சனமும் எழுதினார். சென்னையில் வந்த ஒரு சிறு சஞ்சிகையும் நம் துறைமுக ஊரின் ஓர் இளைஞனும் சேர்ந்து தமிழ்ப் புதுக்கவிதையின் போக்கை மாற்றியிருக்கிறார்கள். அவருடைய வரிகளைக் காதில் வேறு ஒலி இருக்கும்போது வாசித்தால், படிமம் கண்ணுக்குள் எழும்புவதற்கு முன்னமே கலைந்துவிடும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் அவரிடமிருந்து தொடங்கு.

திருகோணமலைக் கோணேசர் மீது ஞானசம்பந்தர் பாடிய பதிகம் மட்டும் எனக்கு விதிவிலக்கு. அது புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. இன்றைய பூபாளத்துக்கு நெருக்கமானது, விடியற்காலைக்கு உரியது. அதில் கடல் இரைகிறது. முதலில் ஓதுவார் ஒருவர் பாடக் கேள். பிறகு ஏட்டில் வாசி. இசையோடு பிறந்த கவிதையை அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் முடிவு. உன் வீட்டுக்கும் அலை கேட்கும்தானே? அது சொல் இல்லாத ஒலி. வாசிப்பைத் தொந்தரவு செய்யாது. கடலோரச் சல்லிக் கிராமத்தில் இருக்கிற உனக்கு அது எப்போதும் கிடைக்கிறது.

இவ்வளவும் சரி, சஞ்சிகைக்கு எங்கே போவது என்று கேட்பாய். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கி நானூறு இதழ்களுக்கு மேல் கொண்டுவந்த ‘மல்லிகை’, அ. யேசுராசாவின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் ‘அலை’ இரண்டும் நின்றுவிட்டன. ஆனால் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் பழைய இதழ்களைக் கைத்தொலைபேசியிலேயே பணமில்லாமல் வாசிக்கலாம். நம் திருகோணமலையிலிருந்தே வந்த ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதை இதழையும் அங்கே தேடு. அதன் பெயரே உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு. வாசிக்கும்போது தொலைபேசியின் அறிவித்தல்களை நிற்பாட்டிவை. பாட்டைவிட அவைதான் அதிகம் கெடுக்கின்றன.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாட்டுக் கேட்க மாதா மாதம் டேற்றாவுக்குக் காசு போடுகிறாய். அதில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து, இப்போது வந்துகொண்டிருக்கும் ஒரு சஞ்சிகைக்குச் சந்தா கட்டு. இதழ் வந்ததும் பிடித்த கதையைப் பற்றி ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப் போடு. வாசகர் கடிதம் வராத சஞ்சிகை நெடுநாள் நிற்காது.

அன்புடன்,
மாமா