முப்புரிக் கயிறு

தேனி மாவட்டத்தின் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை ஒருபுறமும் மேகமலை மறுபுறமும் அரண்போல நிற்க, இடையே விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே வந்து இந்நிலத்தை வளப்படுத்துகின்றது. நெல்வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் இங்கே கண்ணுக்கு விருந்தாகும்.

தென்னை வளரும் ஊர்களில் நார்க்கயிற்றை அறியாதார் இலர். கயிறு திரிப்போர் முதலில் நாரை ஒருபக்கமாக முறுக்கிப் புரியாக்குவர். பின்னர் மூன்று புரிகளை ஒன்று சேர்த்து, முன்னை முறுக்கிற்கு எதிர்ப்பக்கமாக முறுக்குவர். ஒரு முறுக்கு அவிழ முயன்றால் மற்றொரு முறுக்கு இறுகும். ஆதலின், கையால் அறுக்கத்தக்க நார் எருதையும் கட்டும் வலிமை பெறுகின்றது.

கயிற்றால் கட்டுண்டு நிற்கும் அவ்வெருதின் உடலினுள்ளும் ஒரு முப்புரிக் கயிறு உண்டு. அஃது ஊனக் கண்ணுக்குப் புலனாகாதது. தோலிலும் எலும்பிலும் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணிலும் அமைந்து, உடலைத் தாங்குவது அதுவே. மக்கள் உடலிலும் அஃது உண்டு. கொலாஜன் என்பது அதன் பெயர். உடலிலுள்ள புரதங்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இக்கயிற்றின் முறுக்கைக் கண்டறிந்தது யாது எனின், சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆய்வுக்கூடமாகும்.

1952ஆம் ஆண்டில் அப்பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராய் விளங்கியவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரை அவர் நாடினார். சர் சி. வி. இராமன் தம் மாணவராகிய ஜி. என். இராமச்சந்திரனைச் சுட்டினார். இராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதே. கேம்பிரிட்ஜில் பயின்று மீண்ட அவ்விளைஞர், கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்.

அந்நாளில் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னல் என்பார், கொலாஜனின் வடிவம் பற்றி அதுவரை கூறப்பெற்றவை நிறைவுடையன அல்ல என்று உரைத்தார். அமெரிக்க நாட்டுப் பேரறிஞர் பாலிங் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவமும் பொருந்தவில்லை. அச்சொல்லே இராமச்சந்திரனுக்குத் தூண்டுகோலாயிற்று. அவரும் கோபிநாத் கர்த்தா என்னும் ஆய்வாளரும் இப்பணியில் ஈடுபட்டனர். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் அவர்களுக்குக் கிடைத்தது.

இத்தகைய ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நிகழும் வேலை வியப்பூட்டுவதன்று, பொறுமையை வேண்டுவது. தசைநாணின் இழையை நிறுத்தி, அதன்மேல் எக்ஸ் கதிரை மணிக்கணக்காகச் செலுத்துவர். இருட்டறையில் படத்தைக் கழுவி எடுத்தால், சில புள்ளிகளும் வளைந்த கீற்றுகளுமே தோன்றும். அவற்றின் இடைவெளியை அளந்து, அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று கணக்கிடுவர். பின்னர், உருண்டைகளையும் கம்பிகளையும் கொண்டு உருவம் சமைத்துப் பொருத்திப் பார்ப்பர். பொருந்தாவிடின் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்குவர்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலிபோலக் கோக்கப்பட்ட தொடராகும். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே. இதற்குக் காரணம் என்ன? மூன்று தொடர்கள் நெருங்கி நின்றால் நடுவில் இடம் மிகக் குறுகியதாகும்; அங்கே கிளைசின் ஒன்றே அடங்கும். ஆகவே, ஒவ்வொரு தொடரிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் அமைதல் வேண்டும். இவ்வாறு தெளிந்து, மூன்று தொடர்கள் கொண்ட வடிவத்தை 1954ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் இருவரும் வெளியிட்டனர். அவ்வடிவத்தில் மூன்று புரிகளும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நேரே நின்றன. 1955ஆம் ஆண்டில் அதனைத் தாமே திருத்தினர். ஒவ்வொரு புரியும் இடப்பக்கமாகச் சுழல, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்குண்டு நிற்கும் என்று காட்டினர். தென்னந்தோப்பில் கயிறு திரிப்போர் கையாளும் எதிர்முறுக்கு இயற்கையின் கைவண்ணத்திலும் காணப்பட்டது!

ஆயினும், அவ்வாண்டிலேயே ரிச், கிரிக் என்னும் அறிஞர் இருவர் இவ்வடிவத்தில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவு கடந்து நெருங்கியுள்ளன என்றும், புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் கூறப்பட்ட அளவில் இரா என்றும் அவர்கள் எழுதினர். பிணைப்புகளைப் பற்றி அவர்கள் கூறியது பெரும்பாலும் சரியே. முப்புரி முறுக்கு என்னும் கருத்து மட்டும் அசையாது நின்றது.

குறை கூறியவரை இகழ்ந்து ஒதுக்குவாரும் உளர். மனம் சோர்ந்து பணியைக் கைவிடுவாரும் உளர். இராமச்சந்திரன் இவ்விரண்டும் செய்திலர். 'அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?' என்னும் வினாவையே ஆராயத் தலைப்பட்டார். அதுவரை உலகில் அளந்தறியப்பட்ட படிகங்களின் கணக்குகளைத் திரட்டி, அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவின் எல்லையை வகுத்தார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இளைஞர் இருவர் அவருடன் உழைத்தனர்.

புரதத் தொடரின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலத்தக்க இடங்கள் இரண்டு உள்ளன. அவ்விரு சுழற்சிக் கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, எந்நிலையில் அணுக்கள் மோதுகின்றன, எந்நிலையில் மோதவில்லை என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். மேசைமேல் வைத்து இயக்கும் கணக்குப் பொறியே அவர்களுக்குத் துணை. அம்முடிவுகளை ஒரு கட்டத்தாளில் குறித்தபோது, தாளின் பெரும்பகுதி விலக்கப்பட்ட இடமாயிற்று. சில திட்டுகளே இசைந்த இடங்களாய் எஞ்சின. கம்பம் பள்ளத்தாக்கின் நிலப்படத்தை நோக்குவார்க்கு இஃது எளிதில் விளங்கும். சுற்றிலும் மலை, உழுது வாழத்தக்க சமநிலம் நடுவே ஒரு பகுதிதான். புரதங்களும் அவ்வாறே தமக்கு இசைந்த சில இடங்களில் மட்டுமே வாழ்கின்றன. 1963ஆம் ஆண்டில் வெளியான இப்படம் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகெங்கும் வழங்குகின்றது.

இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. புதிய புரதம் ஒன்றின் வடிவத்தைக் கண்டவர், அது பிழையற்றதா என்று அறிய இவ்வரைபடத்தில் வைத்துப் பார்க்கின்றனர். பொன்னின் மாற்றை உரைகல் காட்டுவதுபோல, வடிவத்தின் செம்மையை இது காட்டுகின்றது.

கொலாஜன் ஆய்வின் பயனை எளியதோர் எடுத்துக்காட்டால் உணரலாம். நெல்லிக்கனியிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி உடலுக்குக் கிட்டாவிடின், கொலாஜனின் முப்புரி உறுதி பெறாது நெகிழ்ந்துவிடும். பல் ஈறுகளில் குருதி கசியும், புண்கள் ஆறா. பண்டைநாளில் நெடுங்கடல் சென்ற மாலுமிகள் பலர் இந்நோயால் மாண்டனர். புரியின் முறுக்கு தளர்ந்தால் உடலே தளரும் என்பது இதனால் பெறப்படும்.

இராமச்சந்திரன் 1971ஆம் ஆண்டில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையைத் தோற்றுவித்தார். 1977ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 2001ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய வரைபடம் ஆய்வுக்கூடந்தோறும் நிலவுகின்றது.

அவ்வரைபடம் புகழுரையில் பிறந்ததன்று, குறையுரையில் பிறந்தது. பிறர் காட்டிய பிழையை வினாவாக மாற்றிக்கொண்டவர்க்கு, அப்பிழையே புதிய உண்மைக்கு வாயிலாயிற்று. எதிர்ப்பக்கமாக முறுக்குவதனாலன்றோ கயிறு வலிமை பெறுகின்றது? அறிவும் அத்தகையதே.