வீடு வாங்கிய பின் நிற்கும் கடன்கள்

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்னும் ஆசை நம் ஜனங்களுக்குப் புதிதன்று. வீடு கட்டுவதையும் கலியாணம் செய்வதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன முன்னோர், இவ்விரண்டிலும் போட்ட கணக்குக்குள் அடங்காத செலவு உண்டென்பதை அறிந்தே சொன்னார்கள். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றி முன்பு ஏரியும் நஞ்சையுமே மிகுந்திருந்தன. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஏற்பட்ட பின், மாதச் சம்பளக்காரர் பெருந்திரளாக வந்து குடியேறினர். வாடகைக்கு இருந்தவர்கள் மனை வாங்கினர். மனை வாங்க இயலாதவர்கள் அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கினர். அவர்களுள் பலர் கிருகப்பிரவேசம் நடந்த ஆறு மாதத்திற்குள் பணமுடையால் தவிப்பதைக் காண்கிறோம். இதன் காரணம் யாதென ஆராய்வது நலம்.

வங்கியில் வாங்கிய பெரிய கடனே இத்துன்பத்திற்கு மூலம் என்று பொதுவாக எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அஃது அன்று. விலை முழுவதையும் வங்கி கொடுப்பதில்லை. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கும் வீட்டு விலையில் நூற்றுக்கு 90-க்கு மேல் கொடுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நடைமுறையில் 80 கிடைத்தாலே பலர் திருப்தியடைகின்றனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இவ்விலையில் சேர்க்கப்படுவதுமில்லை. தமிழ்நாட்டில் 2023 மார்ச்சு இறுதியில் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 4-லிருந்து 2-ஆகக் குறைக்கப்பட்ட பின்னரும், தீர்வை 7-ஐக் கூட்டினால் நூற்றுக்கு 9 ரூபாய் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் கதவுக் கிராதி, மின்விசிறி, அலமாரி, விருந்து. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் நோயின் வேர் தெரியும்.

ஒரு குடும்பத்தைக் கற்பித்துக் கொள்வோம். கணவனுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. கைக்கு வருவது மாதம் 38,000 ரூபாய். மனைவி ஆயத்த ஆடை தைக்கும் இடத்தில் 17,000 பெறுகிறாள். பள்ளி செல்லும் பெண் குழந்தை ஒன்று. பட்டாபிராமில் 30 லட்சத்துக்கு வீடு வாங்கினார்கள். வங்கி 24 லட்சம் தந்தது. மீதி 6 லட்சம், பத்திரச் செலவு 2,70,000, இதரச் செலவு 1,30,000. ஆகப் பத்து லட்சம். சேமிப்பு 4 லட்சம் போகக் குறைந்த 6 லட்சத்தை நான்கு இடங்களில் திரட்டினர். நகையை வங்கியில் ஈடு வைத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வட்டியில் 2 லட்சம். தனிநபர் கடனாக 16 வட்டியில் மூன்றாண்டுத் தவணைக்கு 2 லட்சம். மனைவியின் தமையனிடம் கைமாற்றாக 1,20,000. வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டியில் 80,000. இக்கடைசிக் கடனைக் கணவன் மனைவியிடம் சொல்லவில்லை. இது கற்பனைக் குடும்பமேயாயினும் இந்தச் செய்கை கற்பனையன்று; நம்மில் அநேகர் செய்வதே.

இனி மாதக் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக் கடன் 20 ஆண்டுக்கு நூற்றுக்கு 8½ வட்டியானால் தவணை 20,828 ரூபாய். தனிநபர் கடன் தவணை 7,031. வட்டிக்காரருக்கு 2,400. நகைக் கடனின் வட்டியை ஆண்டு முடிவில் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டிருந்தனர். உண்மையில் அதற்கும் மாதம் 1,667 எடுத்து வைத்தாக வேண்டும். ஆகக் கடனுக்கே 31,926 போய்விடுகிறது. எஞ்சும் 23,074-ல் குடும்பம் நடக்க வேண்டும். வீட்டுச் செலவோ 26,000. மாதந்தோறும் சுமார் 3,000 ரூபாய் துண்டு விழுந்தது. அதில் ஒரு பாகம் மளிகைக் கடைப் பற்றாக ஏறிற்று. மற்றது, கண்ணுக்குத் தெரியாமல், நகையின் மேல் ஏறிற்று.

இந்நிலையில் செய்யத்தக்க முதற்காரியம் சிக்கனமன்று. கணவனும் மனைவியும் ஓரிடத்தில் அமர்ந்து, தத்தம் பெயரில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டுமென்பதை ஒளிவு மறைவின்றி ஒரே நோட்டில் எழுதுவதேயாகும். அசல், வட்டி, தவணை நாள், ஈடு வைத்த பொருள் ஆகிய நான்கையும் ஒவ்வொரு கடனுக்கும் குறிக்க வேண்டும். அந்த 80,000 அன்றிரவு வெளிப்படுவதால் வீட்டில் சச்சரவு நேரலாம். ஆனால் மறைத்த கடனுக்கு ஆண்டுக்கு 28,800 ரூபாய் வட்டி என்பதைக் காகிதத்தில் கண்ட பின், சச்சரவு நீடிக்கக் காரணமில்லை. நூற்றுக்கு 3 என்று சொல்லும்போது சிறிதாகத் தோன்றுவது, ஆண்டுக் கணக்கில் 36 ஆகிறது. வீட்டுக் கடனின் வட்டியைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டது.

அடுத்தது எதை முதலில் அடைப்பது என்னும் கேள்வி. வீட்டுக் கடனின் தவணை ஒருபோதும் தவறலாகாது. 90 நாள் பாக்கி நின்றால் வங்கி அதனை வராக்கடனாகக் கணக்கெழுதும். பின் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீசு கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்ற வழியுண்டு. இத்தவணையைக் கட்டிய பின் மிஞ்சும் பணம் வட்டி அதிகமான கடனுக்கே முதலில் போக வேண்டும். தொகை சிறிதாயிருப்பதையோ, கேட்பவர் உரக்கக் கேட்பதையோ கொண்டு முறை வகுத்தல் தவறு.

நம் குடும்பத்தில் வழி ஒன்று இருந்தது. மனைவியிடம் ஈடு வைக்காத சங்கிலி ஒன்று இருக்கிறது. அதன் மேல் 80,000 பெற்று வட்டிக்காரரைத் தீர்த்துவிட்டால், மாதம் 2,400 கொடுத்த இடத்தில் 667 போதும். மனைவி எளிதில் இசைய மாட்டாள், அஃது நியாயமே. கடன் வாங்கும்போது கலவாத ஆலோசனை, நகை கழற்றும்போது மட்டும் கலக்கப்படுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். ஆதலின், அந்தச் சங்கிலி இன்ன மாதம் திரும்பும் என்று நோட்டில் எழுதி அவளே அதனை வைத்திருக்கட்டும். வட்டிக்காரரிடம் பணம் கொடுக்கும்போது புரோநோட்டைத் திரும்பப் பெற்றுக் கொள்ளுதல் அவசியம். அவர் மிரட்டினாலோ, பெற்றதை மறுத்தாலோ, கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது.

மிகுந்த வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றும் இம்முறை நம் பக்கத்திற்குப் பழையதே. சென்னை சர்க்காரின் உத்தரவின்பேரில் பிரெடெரிக் நிக்கல்சன் துரை, ஜெர்மனியில் ரெய்பீஸன் என்பார் குடியானவர்க்கு அமைத்த நாணய சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே, இன்று திருவள்ளூர் ஜில்லாவில் சேர்ந்துள்ள திரூரில் சங்கம் நிறுவப்பட்டது. ஆவடியிலிருந்து அது தூரமன்று. ஒருவரையொருவர் அறிந்த அயலார் கூடி, கடன் எதற்கென்று கேட்ட பின்பே கொடுப்பது ரெய்பீஸன் முறையின் உயிர். வீடு வாங்கும் தம்பதிகளும் தங்களுக்குள் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், விருந்துச் செலவுக்கு 36 வட்டியில் பணம் வாங்கியிருக்க மாட்டார்கள்.

இப்பொழுது சிக்கனத்திற்கு வருவோம். ஒரு மாதம் ஒவ்வொரு காசையும் எழுதிப் பார்த்ததில், தொலைபேசி வழியே வரவழைத்த பலகாரத்திலும் ஞாயிற்றுக்கிழமை உலாவிலும் 3,500, துணியிலும் மொய்யிலும் 2,000, தொலைக்காட்சி முதலிய சந்தாக்களில் 700, எதற்கென்றே தெரியாமல் 1,300 குறைக்க இடமிருந்தது. மொய்யை அடியோடு நிறுத்தலாகாது. பெற்றதைத் திருப்பித் தருவதும் ஒருவிதக் கடனே. அரிசி, மளிகை, பால், காய்கறிக்கு 9,000, பள்ளிக்கு 3,500, இரயில், பஸ் செலவு 1,400, மின்சாரம், எரிவாயு, தண்ணீருக்கு 2,500, தொலைபேசிக்கு 500, மருந்து, மொய், சில்லறைக்கு 1,600, ஆக 18,500. குழந்தையின் பாலிலும் மருந்திலும் கை வைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். அவற்றில் மிச்சம் பிடிக்கும் வரவு செலவுத் திட்டம் மூன்றாம் மாதமே முறியும்.

சங்கிலியையும் சேர்த்து நகைக் கடன் 2,80,000. அதன் வட்டி மாதம் 2,333. வீட்டுத் தவணை, தனிநபர் கடன் தவணை, இவ்வட்டி, வீட்டுச் செலவு யாவும் போக 6,308 ரூபாய் மிஞ்சுகிறது. வட்டிக் கணக்கின்படி இதை முழுதும் நகைக்கே கட்டலாம். ஆயினும் மைத்துனருக்கு மாதம் 2,500 தவறாது கொடுக்க வேண்டுமென்பது எமது கருத்து. வட்டியில்லாக் கடன் என்பதற்காகக் கடைசியில் தள்ளினால், கொடுத்தவர் வாய் திறந்து கேட்க மாட்டார். அடுத்த பொங்கலுக்கு வீட்டுக்கும் வர மாட்டார். மீதி 3,800-ஐ நகைக் கடனில் அசலாகச் செலுத்தலாம். மாதந்தோறும் பகுதிப் பணம் ஏற்கும் கிளைதானா என்பதை முன்னரே விசாரித்துக் கொள்க. தீபாவளிப் போனஸ் முதலில் கடைப் பற்றுக்கும், பின் ஒரு மாதச் செலவுக்கான கையிருப்புக்கும் போகட்டும். அக்கையிருப்பு இல்லாத வீடு, ஒரு காய்ச்சல் வந்தால் பழைய வட்டிக்காரர் வாசலுக்கே திரும்பும்.

இவ்வாறு நடந்தால் 36-ஆம் மாதம் தனிநபர் கடன் முடியும். அப்போது நகைக் கடனில் சுமார் 1,21,000 பாக்கியிருக்கும். விடுபட்ட 7,031-ஐயும் அதிலேயே சேர்த்தால் 46-ஆம் மாதம் நகை வீடு வந்து சேரும். 48-ஆம் மாதம் மைத்துனர் கடனும் தீரும்.

அதுகாறும் வீட்டுக் கடன் என்னவாயிற்று என்றால், வியப்பே உண்டாகும். முதல் மாதத் தவணை 20,828-ல் வட்டி மட்டும் 17,000; அசலுக்குச் சென்றது 3,828. நான்கு ஆண்டில் ஏறக்குறைய 10 லட்சம் கட்டியும் அசல் 2,18,000 அளவே குறைந்திருக்கும். வட்டி விகிதம் மாறும் கடனாயின் வேறொரு கண்ணியும் உண்டு. 2022 மே மாதத்தில் நூற்றுக்கு 4-ஆக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6½ ஆயிற்று. பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை, ஆண்டுகள் நீண்டன. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. ஆகவே வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் செருகுவது கூடாது.

நான்காம் ஆண்டுக்குப் பின் கையில் மிஞ்சும் 15,000 சொச்சத்தில் 5,000-ஐ மட்டும் தவணையோடு சேர்த்து அசலுக்குக் கட்டினால், வட்டி அதே 8½-ஆக இருக்கும் பட்சத்தில், இன்னும் 16 ஆண்டு செல்ல வேண்டிய கடன் 10 ஆண்டு 10 மாதத்தில் தீரும். மாறும் வட்டியுள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் அபராதம் வாங்கலாகாதென 2012-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுள்ளது. பணம் செலுத்தும்போது அதனை அசலில் வரவு வைத்துக் காலத்தைக் குறைக்கும்படி எழுத்து மூலம் கேட்டு, வரவு வைத்த ரசீதையும் அந்நோட்டிலேயே ஒட்டி வைக்கவும்.